கரேஜ் ஆய்வு
கரேஜ் ஆய்வு என்பது, மாறாத்தன்மையுள்ள நெஞ்சுவலி கொண்ட இதய நோயாளிகளின் அடைபட்ட தமனியை ஸ்டென்ட் வைத்துத் திறப்பதால் மாரடைப்பும் இறப்பும் குறைகின்றனவா என்று அறிய அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வாகும். பங்கேற்ற 2,287 பேருக்கும் தீவிர மருந்துச் சிகிச்சை தரப்பட்டது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக அடைப்பு நீக்கப்பட்டது. 2007-இல் வெளியான முடிவு இதய மருத்துவர்களிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 4.6 ஆண்டுகளில் இறப்போ மாரடைப்போ நேர்ந்தோர் ஸ்டென்ட் பிரிவில் 19%, மருந்துப் பிரிவில் 18.5%. நெஞ்சுவலி ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு விரைவில் தணிந்தது உண்மையே. ஆனால் ஐந்தாம் ஆண்டில் அவ்வேறுபாடும் மறைந்தது. மிகவும் சுருங்கிய இடத்தில்தான் மாரடைப்பு தொடங்கும் என்பதில்லை; தமனியை அதிகம் அடைக்காத கொழுப்புப் படிவு வெடித்து, அங்கே இரத்தம் உறைவதாலும் அது நேரலாம். ஸ்டென்டோ ஓரிடத்தை மட்டுமே திறக்கிறது. மாரடைப்பு ஏற்பட்டவுடன் அவசரமாகத் தமனியைத் திறப்பது உயிர்காக்கும் சிகிச்சை. இந்த ஆய்வு அதைப் பற்றியதன்று.