அன்னிய நேரடி முதலீடும் நமது மனசாட்சியும்

திராட்சைத் தோட்டக் குத்தகைக்காரர்கள் பற்றி இயேசு கூறிய உவமையை நாம் திருப்பலியில் பலமுறை கேட்டிருக்கிறோம். நிலக்கிழார் ஒருவர் தோட்டம் போடுகிறார். வேலி அடைத்து, பிழிவுக் குழி வெட்டி, காவல் மாடமும் கட்டுகிறார். பிறகு அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நெடுந்தொலைவு போய்விடுகிறார் (மத்தேயு 21:33). இந்த உவமையின் உட்பொருள் வேறு என்பதை நாம் அறிவோம். ஆயினும், செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெறும் அன்னிய நேரடி முதலீடு என்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்த ஒரு வசனத்தைக் காட்டியே விளக்கிவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எல்லாம் ஒரே வகையானதல்ல. பங்குச் சந்தையில் பங்கு வாங்குபவர் காலையில் வாங்கி மாலையில் விற்றுவிட்டுப் போகலாம். நேரடி முதலீடு அப்படியல்ல. அங்கே வேலியும் பிழிவுக் குழியும் காவல் மாடமும் உண்டு. அதாவது நிலம், கட்டடம், இயந்திரம், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் உண்டு. ஒரு நிறுவனத்தில் குறைந்தது 10 விழுக்காடு உரிமை வெளிநாட்டவர் ஒருவர் கையில் இருந்தால்தான் அதனை நேரடி முதலீடு என்று பன்னாட்டு அமைப்புகள் கணக்கிடுகின்றன. நிர்வாகத்தில் அவருக்குச் சொல்வாக்கு உண்டு என்பதே இதன் பொருள்.

இத்தகைய முதலீட்டை நாடுகள் விரும்புவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 1997இல் தாய்லாந்து, இந்தோனேசியா, தென்கொரியா போன்ற நாடுகள் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, குறுகிய காலக் கடனாக வந்த பணம் சில மாதங்களில் வெளியேறியது. தொழிற்சாலையாக நின்ற பணம் அவ்வளவு எளிதாக வெளியேற முடியவில்லை. உலகம் முழுவதும் நாடு விட்டு நாடு சென்ற நேரடி முதலீடு 2007இல் ஏறக்குறைய 2 இலட்சம் கோடி டாலரை எட்டியது. கொரோனா தொற்று பரவிய 2020இல் அது 1 இலட்சம் கோடிக்கும் கீழே இறங்கியது. இந்தக் கணக்கிலும் பதர் உண்டு. வரியைக் குறைப்பதற்காக, ஊழியரே இல்லாத பெயரளவு நிறுவனங்கள் வழியாகச் சுற்றிவரும் பணமும் இதில் சேர்கிறது. உலக நேரடி முதலீட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடு இத்தகையது என்று பன்னாட்டு நிதியம் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வு கூறியது. ஆகவே "இத்தனை கோடி முதலீடு வந்தது" என்ற தலைப்புச் செய்தியைக் கண்டவுடன் நாம் மகிழ்ந்துவிட வேண்டியதில்லை.

உண்மையாகவே தொழிற்சாலை கட்டும் முதலீட்டை எடுத்துக்கொள்வோம். அது போகாது என்று சொல்ல முடியுமா? நோக்கியா நிறுவனத்தின் கதை நமக்கு நன்றாக விளக்குகிறது.

பின்லாந்து நாட்டைச் சேர்ந்த அந்நிறுவனம், ஜெர்மனியில் எஸ்ஸன் மறைமாவட்டத்தைச் சேர்ந்த போக்கும் நகரில் கைபேசி ஆலை நடத்தி வந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வேலையிழந்த பகுதி அது. ஆலைக்கு அரசு மானியமும் கிடைத்திருந்தது. 2008 ஜனவரியில், செலவு அதிகம் என்று கூறி, ஆலையை மூடப் போவதாக நிறுவனம் அறிவித்தது. 2,300 பேர் வேலை இழந்தனர். உற்பத்தி ருமேனியாவில் க்ளூஜ் நகருக்கு அருகிலுள்ள ஜுக்கு என்ற சிற்றூருக்குப் போனது. அங்கே மகிழ்ச்சி நீண்ட நாள் நீடிக்கவில்லை. ஆசிய நாடுகளிலேயே உற்பத்தி செய்வது இலாபம் என்று 2011இல் அந்த ஆலையும் மூடப்பட்டது.

ஆசியா என்றால் அதில் நமது திருப்பெரும்புதூரும் அடக்கம். 2006இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. சிறப்புப் பொருளாதார மண்டலம், வரிச் சலுகை, தடையில்லா மின்சாரம் என்று எல்லா வசதிகளும் செய்து தரப்பட்டன. நல்ல நாள்களில் ஏறக்குறைய 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். உதிரி பாகம் செய்யும் நிறுவனங்களிலும் பல்லாயிரம் பேர் இருந்தனர். அதிகாலையில் நிறுவனப் பேருந்துக்காகக் காத்து நின்ற அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தில் தம்பி தங்கையர் படித்தார்கள், வீட்டுக் கடன்கள் அடைந்தன. இதனைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமையில்லை.

பிறகு தொடுதிரைக் கைபேசிகள் சந்தையைப் பிடித்தன. நிறுவனம் சரிந்தது. தாய் நிறுவனத்திற்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்திற்கு வரி பிடித்தம் செய்யவில்லை என்று வருமான வரித்துறை 2013இல் சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. வழக்கினால் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, திருப்பெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. 5,000க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு பெற்றனர். விருப்பம் என்பது பெயரளவில்தான்! 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவர் என்று ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டிய நிலை நமது ஊரில்தான் வந்தது.

மூன்று ஊர்களிலும் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். போக்கும் நகரில் தொழிலாளர் குழுவுடன் பேசாமல் ஆலையை மூடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மக்கள் தெருவில் இறங்கினர். மாநில அரசு மானியத்தைத் திருப்பிக் கேட்டது. முடிவில் தொழிலாளருக்காக 20 கோடி யூரோ ஒதுக்க நிறுவனம் உடன்பட்டது. முதலாளி அதே முதலாளிதான். அவரை எவ்வளவு பொறுப்போடு நடக்கச் செய்வது என்பதை ஊரின் சட்டமும் ஒற்றுமையும் தீர்மானித்தன. வெளிநாட்டு மூலதனம் நல்லதா கெட்டதா என்று மேடைகளில் நடக்கும் வாதத்தில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

திருச்சபை முதலீட்டுக்கு எதிரானதல்ல. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், போக்கும் ஆலை மூடப்பட்ட அடுத்த ஆண்டில், அதாவது 2009இல் வெளியிட்ட 'உண்மையில் அன்பு' என்ற சுற்றுமடலில் (எண் 40) இதைப் பற்றியே பேசுகிறார். வேறொரு நாட்டில் முதலீடு செய்வதால் அந்நாட்டு மக்களுக்கு நன்மை விளையலாம் என்பதை அவர் ஏற்றுக்கொள்கிறார். ஆனால், மலிவான கூலியையும் சலுகைகளையும் பயன்படுத்திக்கொண்டு, அவ்வூர்ச் சமுதாயத்தின் வளர்ச்சிக்கு எதுவும் செய்யாமல் போவது முறையல்ல என்கிறார். பங்குதாரர்களுக்கு மட்டுமன்றி, தொழிலாளர், பொருள் வழங்குவோர், சுற்றியுள்ள சமூகம் ஆகிய அனைவருக்கும் நிர்வாகம் பொறுப்பு என்பது அவரது போதனை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் (எண் 51), பன்னாட்டு நிறுவனங்கள் வெளியேறிய பின் எஞ்சும் வேலையின்மையையும் வெறிச்சோடிய ஊர்களையும் குறிப்பிடுகிறது. மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 1981லேயே கற்பித்திருந்தார்.

நேரடி முதலீட்டில் உள்ள பெரிய சிக்கல், முடிவெடுப்பவர் தொலைவில் இருப்பதுதான். தொழிலாளியின் முகம் அவருக்குத் தெரியாது. ஆகவே அந்த முகத்தை நினைவுபடுத்தும் கடமை அருகில் இருக்கும் அரசுக்கும் தொழிற்சங்கத்திற்கும் நமக்கும் இருக்கிறது. திருப்பெரும்புதூரில் மூடப்பட்ட அந்த ஆலையை, மின்னேற்றிக் கருவிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக 2019இல் அறிவிக்கப்பட்டது. கட்டடத்துக்கு ஐந்தாண்டுக் காத்திருப்பு பெரிதல்ல. வீட்டு வாடகையும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டியவருக்கு அது நீண்ட காலம்.

நமது பங்குகளிலிருந்தும் ஆண்டுதோறும் இளைஞர்கள் இத்தகைய ஆலைகளுக்குப் போகிறார்கள். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உள்ள பங்குகளில், வேலைக்குச் சேரும் முன்பே அவர்களோடு அமர்ந்து பேசலாம். சம்பளம் கொடுப்பது நிறுவனமா, ஒப்பந்தக்காரரா? பணி நியமன ஆணை கையில் தரப்படுகிறதா? வருங்கால வைப்பு நிதிக் கணக்கு யார் பெயரில் பதிவாகிறது? பயிற்சிக்காலம் எத்தனை மாதம், அது முடிந்தபின் நிரந்தரமா? ஆலையை மூடினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, என்ன இழப்பீடு? விடுதியில் தங்கும் பெண்பிள்ளைகள் ஞாயிறு திருப்பலிக்கு வெளியே வர அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.