வீட்டு ஸ்டூடியோவுக்கு ரிவர்ப்: ஏன்? எப்படி?

படுக்கையறையில் மைக்கை வாயருகே வைத்துப் பாடினால் குரல் வறட்சியாகக் கேட்பது ஏன்? மெத்தையும் திரைச்சீலையும் ஒலியை உறிஞ்சிவிடுகின்றன. பெரிய கூடத்திலோ சுவர்களில் பட்டுத் திரும்பும் எண்ணற்ற எதிரொலிகள் கலந்து, மெல்லத் தேய்ந்து அடங்கும். அதுதான் ரிவர்ப்.

அதைச் செயற்கையாக உண்டாக்குவது எப்படி? 1957-இல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் பெரிய எஃகுத் தகட்டை அதிரவைத்துச் சாதித்தது. அந்தக் கருவியின் எடை கால் டன்னுக்கு மேல். கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் அதே வேலையைச் சுருள்கம்பி செய்கிறது. விலை குறைவு; ஆனால் டிரம் அடி விழுந்தால் ‘டொய்ங்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். 1960-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் மான்ஃப்ரெட் ஷ்ரோடர், ஒலியைத் தாமதித்து மீண்டும் மீண்டும் சுற்றவிடும் கணக்கின் மூலம் கணினியிலேயே ரிவர்ப் உருவாக்க வழிகாட்டினார்.

கணினியில் பதிவு செய்பவர்கள் தனிக் கருவிக்குச் செலவழிக்கும் முன் இலவச ரிவர்ப் மென்பொருளைப் பயன்படுத்திப் பார்க்கலாம். எதை எடுத்தாலும் முதலில் ஒரு கைதட்டலை அதில் செலுத்திக் கேளுங்கள். ஒலி தேயும்போது உலோகம்போல் ரீங்கரித்தால் வேண்டாம். ‘ப்ரீ-டிலே’ வசதி கட்டாயம் இருக்கட்டும்: ரிவர்ப் 20 முதல் 40 மில்லிவிநாடி தள்ளித் தொடங்கினால் பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்கும்.