பாமாயில் விவசாயிக்கு எந்தக் கடன் பொருந்தும்?

ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு நாம் வாங்கும் பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ விளைந்தது. இந்தோனேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் சுமார் 40 சதவீதம் சிறு விவசாயிகளுடையவை. சுமத்ரா தீவின் ரியாவ், ஜாம்பி மாகாணங்களில் இரண்டு ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர் அளவில் தோட்டம் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

எண்ணெய்ப்பனை சுமார் 25 ஆண்டுகள் நல்ல பலன் தரும். அதன்பின் மரம் உயர்ந்துவிடும், குலை வெட்டுவது சிரமம், விளைச்சலும் குறையும். வெட்டிவிட்டுக் கன்று நட்டால் காய்ப்புக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை உரத்துக்கும் களையெடுப்புக்கும் செலவு உண்டு, வரவு இல்லை. வங்கிக் கடன் என்றால் வட்டி. தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். முறையான நிலப் பத்திரம் இல்லாதவருக்கு அந்தக் கடனும் கிடைக்காது. கடைசியில் உள்ளூர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். குலையை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்குத் தர வேண்டும். வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். பேரம் பேச நேரம் ஏது?

இந்த நிலையில் சிலர் கிழட்டு மரங்களையே வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். சிலர் பக்கத்துக் காட்டை அழித்துப் புதிதாக நடுகிறார்கள். காடழிவதை விவசாயியின் பேராசை என்று மட்டும் சொல்வது நியாயமல்ல என்பது நம் கருத்து.

இந்தோனேசிய அரசு பாமாயில் ஏற்றுமதியில் வசூலிக்கும் தீர்வையிலிருந்து மறுநடவுக்கு மானியம் தருகிறது. ஹெக்டேருக்கு 30 மில்லியன் ரூபியாவாக இருந்தது 2024இல் 60 மில்லியனாக உயர்ந்தது. நம் பணத்தில் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். ஒருவருக்கு நான்கு ஹெக்டேர் வரை கிடைக்கும். வட்டியும் இல்லை, திருப்பிச் செலுத்தவும் வேண்டாம். ஆனால் இங்கும் நிலப் பத்திரம் கேட்கிறார்கள். 2020க்குப் பின் காடழித்த நிலத்தின் விளைபொருளை ஏற்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியிருப்பதால், விளைந்த நிலம் எது என்று காட்ட வேண்டிய பொறுப்பும் சேர்ந்துவிட்டது.

மரப்பயிருக்குப் பொருந்தும் வழி நம் ஃபிக்ஹிலேயே உண்டு. நபி (ஸல்) அவர்கள் கைபரின் பேரீச்சந்தோட்டங்களை அங்கிருந்த யூதர்களிடமே விளைச்சலில் பாதிப் பங்குக்கு ஒப்படைத்தார்கள். இதுவே முஸாகாத். காய்த்தால் பங்கு, காய்க்காவிட்டால் தவணை நெருக்கடி இல்லை. கன்று நடுவதிலிருந்தே பங்கு பேசுவது முகாரஸா. மாலிகி மத்ஹப் இதை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. ஷாஃபி மத்ஹபில் இடமில்லை. எண்ணெய் ஆலைகளும் அதை வாங்கும் பெரிய நிறுவனங்களும் இப்படிப் பங்காளிகளாக முதலீடு செய்தால், அந்த நான்கு ஆண்டுச் சுமை விவசாயியின் தலையில் மட்டும் விழாது.