பெரிய திரை வாங்குமுன்...

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருவோர் தொலைக்காட்சிப் பெட்டியையும் சுமந்துவருவது தக்கலை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வட்டாரங்களில் நெடுநாள் வழக்கமாயிருந்தது. 2013 ஆகஸ்ட் 26 முதல் தட்டைத்திரைப் பெட்டிகளுக்கான சுங்கத்தீர்வைச் சலுகை நீக்கப்பட்டது. இங்கோ, 32 அங்குலத்திற்கு மேற்பட்டவற்றின் சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஆகவே, உத்தரவாதத்துடன் நாகர்கோவிலிலேயே வாங்குவது நன்று.

திரை மூலைக்கு மூலை அளக்கப்படுகிறது. 55 அங்குலத் திரைக்கும் இருக்கைக்கும் இடையே ஏறத்தாழ ஏழடி வேண்டும். நம் கூடத்தை அளக்காது, அண்டை வீட்டுத் திரையை அளந்து வாங்குவது வீண்விரயமன்றோ! பிள்ளைகள் பாலைவெயிலில் ஈட்டிய பணமல்லவா அது? பெரியோர் ஓதவும் சிறார் படிக்கவும் அமைதியான அறையை முதலில் ஒதுக்குங்கள். திரையைப் பின்னர் தேர்ந்தெடுக்கலாம்.