கல்லறை காட்டும் குடும்பம்

பூர்வீகம் தேடுவோர் முதலில் நாடுவது மக்கள் தொகைக் கணக்கையே. திருவிதாங்கூரில் 1875-இல் முறையான கணக்கெடுப்பு நடந்தது. ஆயினும் அச்சிட்ட அறிக்கையில் எண்ணிக்கை உண்டேயன்றி வீட்டாரின் பெயர் இல்லை. அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னரே நம் நாட்டில் குடியேறிய டிலனாய் குடும்பத்தை எங்கே தேடுவது?

புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் சிற்றாலயத்தில் தேடவேண்டும். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய், பின்னர் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் படைக்கே தளபதியானார். நம் புனித தேவசகாயத்துக்குக் கிறிஸ்துவை அறிவித்தவரும் அவரே. 1777-இல் மறைந்த அவரது கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறித்திருக்கக் காண்கிறோம். அங்கேயே மனைவி மார்கரெட்டும் மகன் யோவானும் துயில்கின்றனர். மகன் களக்காட்டுப் போரில் மாண்டது 1765-இல். இரு ஆண்டுகளையும் சேர்த்து நோக்கினால், பிள்ளையைப் பறிகொடுத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்த தந்தை தெரிகிறார். எந்த அறிக்கை இதைச் சொல்லும்?

நம் குடும்பங்களுக்குக் கல்லறைக் கல் வேண்டுவதில்லை. பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர், பெற்றோர், ஞானப் பெற்றோர், நாள் யாவும் உள. பிற்காலப் பதிவுகளில் திருமணமும் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் கடற்காற்றும் கரையானும் பழைய ஏடுகளுக்குப் பகை. பங்குத்தந்தையின் அனுமதி பெற்றுப் பாட்டனாரின் பதிவை இவ்வாண்டே படியெடுத்து வைப்போமாக.