உலோகத்தை ஆவியாக்கி சிப் செய்கிறார்கள்!

ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் கம்ப்யூட்டரின் பின்புறம் கையை வைத்துப் பாருங்கள். சூடான காற்று வருகிறதல்லவா? டிரான்சிஸ்டர்களில் வீணாகக் கசியும் மின்சாரமும் இந்தச் சூட்டுக்கு ஒரு காரணம்.

டிரான்சிஸ்டர் என்பது மிகச் சிறிய ஸ்விட்ச். அதை இயக்கும் ‘கேட்’ பகுதிக்கு அடியில், மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. நெடுங்காலம் இது சிலிக்கன் ஆக்ஸைடால் ஆனது. ஸ்விட்ச் சிறிதாகச் சிறிதாக இந்தப் படலமும் மெலிந்தது. இன்டெல்லின் 65 நானோமீட்டர் சிப்களில் அதன் தடிமன் வெறும் 1.2 நானோமீட்டர். சுமார் ஐந்து அணு உயரம்தான்! எனவே மின்சாரம் கசிந்தது. 2007-ல் வந்த 45 நானோமீட்டர் சிப்களில் இன்டெல் ஹாஃப்னியம் கொண்ட படலத்துக்கு மாறியது. இதைச் சற்றுத் தடிமனாகவே அமைக்கலாம். ஸ்விட்சும் நன்றாக இயங்கும், கசிவும் குறையும்.

கற்பூரம் போல...

ஹாஃப்னியம் உருகவே 2,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அதை எப்படி ஆவியாக்குவது? ஒரு ஹாஃப்னியம் அணுவைச் சுற்றி, நைட்ரஜனும் கார்பனும் கொண்ட நான்கு ‘கைகளை’ இணைத்துவிடுகிறார்கள். இந்தச் சேர்மம் மிதமான சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

சிலிக்கன் தகட்டின் மீது இந்த ஆவி பட்டதும் ஒரே ஓர் அடுக்கு ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை வெளியேற்றிவிட்டு நீராவியை விடுவார்கள். கைகள் கழன்று வாயுவாக வெளியேறும்; ஹாஃப்னியமும் ஆக்ஸிஜனும் தங்கிவிடும். ஒரு சுற்றுக்குச் சுமார் 0.1 நானோமீட்டர் வளரும். ‘அணு அடுக்குப் படிவு’ எனப்படும் இம்முறையை 1974-ல் பின்லாந்தில் உருவாக்கியவர் துவோமோ சுந்தோலா.

சிக்கல் எங்கே?

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் சத்தமில்லாமல் ஆவியாகிவிடும். கொளுத்தினால் கரி படியும். இந்தச் சேர்மங்களும் அப்படித்தான். சூடு குறைந்தால் வினை சரியாக நடக்காது. அதிகமானால் கைகள் முறையாகக் கழலாமல் கண்டபடி உடையும். படலம் மேடுபள்ளமாகும், கார்பனும் கலந்துவிடும். டைட்டானியம் நைட்ரைடு படலத்திலும் இதே கதைதான். அதற்கான சேர்மத்தைத் தனியாகச் சூடாக்கினால் கார்பன் நிறைய தங்கும். அமோனியா வாயுவையும் சேர்த்து விட்டால் வெகுவாகக் குறையும்.

ஆக, வழியில் உடையக்கூடாது. தகட்டில் சுத்தமாகக் கழல வேண்டும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் நல்ல சிப் பிறக்கிறது.

கசிவு குறைந்ததே தவிர, முழுவதும் நிற்கவில்லை. எனவே கம்ப்யூட்டரின் காற்றுத் துளைகளைச் சுவரோடு ஒட்டி வைத்து அடைத்துவிடாதீர்கள்!