‘யார் சொன்னது?’

புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலில் போய்வருபவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வீவக புளோக்குகளை ஒட்டி ரயில் செல்லும்போது சன்னல் கண்ணாடி தானாகவே மங்கிவிடும். வீட்டுக்குள் இருப்பவர்களைப் பயணிகள் பார்த்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அண்மையில் ஒரு மாலை, பெட்டிர் நிலையத்தைத் தாண்டிக் கண்ணாடி மங்கியபோது, வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லாமல் திரும்பினேன். எதிரே நின்றவர் ஒரு பள்ளி அலுவலகத்தில் முன்பு என்னோடு வேலை பார்த்த அக்கா.

“தம்பி, படிப்பு முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். அவர் இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறார். ஏன் மாறினார் என்று நான் கேட்கவில்லை. காரணத்தின் ஒரு பாதி எனக்குத் தெரியும்.

தேசிய சேவை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு முன் சில வாரங்கள் அந்தப் பள்ளியில் தற்காலிக ஊழியராக இருந்தேன். எந்தப் பள்ளி, எந்த வட்டாரம் என்பது இங்கு வேண்டாம். வெளி நிறுவனங்கள் அனுப்பும் விலைப்பட்டியல்களைக் கணினியில் பதிவு செய்வதுதான் வேலை. ஒரு பட்டியலில் எட்டு வகுப்புகளுக்குக் கட்டணம் கேட்டிருந்தார்கள். அதில் ஒரு தேதி இளையர் தின விடுமுறைத் திங்கட்கிழமை. அன்று பள்ளியே இல்லை. நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். அக்காவிடம் காட்டினேன். அவர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். இன்னொரு வகுப்பும் நடந்ததற்கான பதிவு இல்லை. மேலதிகாரிக்கு எழுதினார்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டம் போட்டார்கள். அங்கே எழுந்த முதல் கேள்வி “இது எப்படி நடந்தது?” அன்று. “இதை யார் கவனிச்சுச் சொன்னது?” என்பதே. அக்கா தயங்காமல், “நான்தான்” என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. தட்டச்சுப் பிழை என்று சொல்லி அந்த நிறுவனம் தொகையைக் குறைத்தது. தொகை சில நூறு வெள்ளிதான். சில வாரங்களில் அக்காவைக் கணக்கு மேசையிலிருந்து முன்முகப்புக்கு மாற்றினார்கள். வேலைப் பகிர்வு என்றார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் மற்றவர்கள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எதையும் யாரும் கவனித்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நம் பேச்சுத் தமிழில் இப்படிச் சொல்பவருக்கு மரியாதையான ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். ‘போட்டுக்கொடுத்தவன்’, ‘காட்டிக்கொடுத்தவன்’, ‘கோள்மூட்டி’, கோபம் கூடினால் ‘எட்டப்பன்’. தொடக்கப்பள்ளி முதல் நாம் கற்றுக்கொள்ளும் சொற்கள் இவை. திருடியவனைவிடச் சொன்னவனுக்கே இவற்றில் அதிக வசவு.

இதை எழுதத் தேடிப் படித்தபோது ஒரு கூடைப்பந்துப் பயிற்றுநரின் வழக்கு என்னை நிறுத்தியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம் நகரம். அங்கே என்ஸ்லி உயர்நிலைப்பள்ளிக்கு 1999ல் மாற்றலாகி வந்த ஆசிரியர் ரோடரிக் ஜாக்சன். பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்கும் அவரே பயிற்றுநர். ஆண்கள் குழுவுக்கு நல்ல உள்ளரங்கம். பெண்களுக்குப் பழைய அரங்கம். வெளியூர் ஆட்டத்துக்கு ஆண்கள் பேருந்தில் போனார்கள். பெண்கள் கிடைத்த கார்களில் தொற்றிக்கொண்டு போனார்கள். நிதியிலும் சமபங்கு இல்லை. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் ஜாக்சன் மேலதிகாரிகளிடம் முறையிடத் தொடங்கினார். அதன் பிறகு அவருடைய பணி மதிப்பீடுகள் மோசமாயின. 2001 மே மாதம் பயிற்றுநர் பொறுப்பு பறிக்கப்பட்டது. ஆசிரியர் வேலை மட்டும் மிஞ்சியது.

அவர் வழக்குத் தொடுத்தார். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தை, ‘ஒன்பதாம் பிரிவு’ என்பார்கள், அடிப்படையாகக் கொண்டார். கல்வி வாரியம் சொன்ன பதில் கெட்டிக்காரத்தனமானது: பாகுபாடு நடந்திருந்தால் அது மாணவிகளுக்கு நடந்தது, நீங்கள் மாணவியும் இல்லை, பெண்ணும் இல்லை, உங்களுக்கு இந்தச் சட்டத்தில் என்ன வேலை? கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் இதை ஏற்று அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தன.

2005 மார்ச் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர். பாகுபாட்டைப் பற்றி முறையிட்டவரைப் பழிவாங்குவதும் பாகுபாடுதான் என்றது தீர்ப்பு. மாணவர்களுக்கு நடக்கும் அநீதியைக் கண்டுபிடித்துச் சொல்லப் பெரும்பாலும் நல்ல இடத்தில் இருப்பவர்கள் ஆசிரியர்களும் பயிற்றுநர்களும்தான். அவர்களைத் தண்டிக்க விட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், சட்டமே செயலிழந்துவிடும் என்பது அதன் வாதம்.

ஒரே ஒரு நீதிபதி மாறி நின்றிருந்தால் ஜாக்சன் தோற்றிருப்பார். அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பதற்றமாகவே இருக்கிறது. அந்தப் பழைய அரங்கத்தில் பந்து போட்ட பெண்களுக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும். தங்களுக்கு எவ்வளவு நிதி வரவேண்டும் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? கணக்கைப் பார்க்கக்கூடியவர் அவர்தான். பள்ளி ஊழியருக்குப் பாதுகாப்பு என்றால் அது அவர்களுடைய தொழிற்சங்க விவகாரம் என்றுதான் நான் முன்பு நினைத்திருந்தேன்.

எல்லாக் கதையும் இவ்வளவு நேராக இல்லை. இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில் 1999, 2000 காலகட்டத்தில் 3,206 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். நேர்காணல் மதிப்பெண் பட்டியல்களை மாற்றச் சொல்லி வந்த நெருக்குதலுக்கு அப்போதைய தொடக்கக் கல்வி இயக்குநர் ரஜனி சேக்ரி சிபல் இணங்கவில்லை. அசல் பட்டியல்கள் இருந்த இரும்பு அலமாரியைத் துணியால் சுற்றி முத்திரையிட்டு வைத்தார். அவரை இடமாற்றினார்கள். பின்னர் அந்த நாற்காலிக்கு வந்த சஞ்சீவ் குமார்தான் பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்று ஊழலை அம்பலப்படுத்தியவர். 2013 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. முன்னாள் முதலமைச்சர் ஓம் பிரகாஷ் சௌதாலாவுக்குப் பத்தாண்டுச் சிறை. சஞ்சீவ் குமாருக்கும் பத்தாண்டு! போலிப் பட்டியல் தயாரித்த சதியில் அவருக்கும் பங்கு உண்டு என்று நீதிமன்றம் கண்டது. அம்பலப்படுத்துபவர் உத்தமராகத்தான் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் சொன்னது உண்மையா என்பது வேறு கேள்வி, அவர் எப்படிப்பட்டவர் என்பது வேறு கேள்வி. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014ல் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும் ஆண்டுக்கணக்கில் அது நடைமுறைக்கு வராமலே கிடந்தது.

சிங்கப்பூரில் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான தனிச்சட்டம் என்று ஒன்று இல்லை. பாதுகாப்பு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அதில் வலுவானது 1960ஆம் ஆண்டின் லஞ்ச ஊழல் தடுப்புச் சட்டம். அதன் 36ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். ஊழல் பற்றித் தகவல் தந்தவரின் பெயரையோ முகவரியையோ நீதிமன்றத்தில் எந்தச் சாட்சியும் சொல்ல வேண்டியதில்லை. ஆவணத்தில் பெயர் இருந்தால் அதை மறைத்துத்தான் காட்டவேண்டும். அதாவது ‘யார் சொன்னது?’ என்ற கேள்விக்குச் சட்டமே வாய்ப்பூட்டுப் போடுகிறது. விதிவிலக்கும் உண்டு. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தவருக்கு இந்தத் திரை விலகும். பொய்த் தகவல் தருவது தனிக் குற்றமும்கூட. புகாரை லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவிடம் நேரடியாகத் தரலாம். அரசாங்க ஊழியர்களுக்கு அந்தந்த அமைப்புக்குள்ளேயே முறையிடும் வழியும் இருக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், பாகுபாடு பற்றி முறையிடும் ஊழியரை முதலாளி பழிவாங்கக்கூடாது என்கிறது. ஆனால் அது பாகுபாடு சார்ந்தது. விலைப்பட்டியல் விவகாரம் அதற்குள் வராது.

திரை இல்லாமல் பேசியவர்களுக்கு இங்கே என்ன ஆனது என்பதை உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். தேசிய சிறுநீரக அறநிறுவனம் என்றதும் ‘தங்க முலாம் குழாய்’ என்பார்கள். அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டி.டி. துரை விமானத்தில் முதல் வகுப்பில் போகிறார் என்று 1990களின் பிற்பகுதியிலேயே இருவர் சொன்னார்கள். இருவர்மீதும் அவதூறு வழக்கு. மன்னிப்புக் கேட்டுப் பணமும் கொடுத்துத்தான் மீண்டார்கள். 2005 ஜூலையில், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட கட்டுரைக்காகத் துரை தொடுத்த வழக்கு இரண்டே நாளில் கவிழ்ந்தது. முதல் வகுப்பில் பறந்ததை அவரே சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். 25,000 வெள்ளி மாதச் சம்பளமும் வெளியே வந்தது. ஆக, அந்த இருவர் சொன்னது உண்மை. அதற்காக மன்னிப்புக் கேட்டவர்களும் அவர்கள்தான்.

உங்களில் பலர் வேலைப் பயிற்சிக்கோ, தற்காலிக ஆசிரியராகவோ, மாணவர் பராமரிப்பு நிலையத்துக்கோ போவீர்கள். என் அனுபவத்தில் ஒன்று சொல்லலாம்: பார்த்ததை அன்றைக்கே தேதியோடு எழுதிவையுங்கள். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கலக்காதீர்கள். மாணவர் விவரம் உள்ள கோப்புகளைக் கைப்பேசியில் படம்பிடித்து நண்பர் குழுவில் போடவேண்டாம், பிறகு கேள்வி உங்கள் பக்கம் திரும்பிவிடும். நான் இவற்றில் எதையும் செய்யவில்லை. அக்கா செய்தார். அவருடைய மின்னஞ்சலில் தேதியும் பட்டியல் எண்ணும் இருந்தன. யார்மீதும் குற்றச்சாட்டு இல்லை, பணம் கொடுப்பதற்கு முன் சரிபார்க்கவேண்டும் என்ற ஒரே கோரிக்கைதான்.

ரயில் பஜார் நிலையத்தில் நின்று கிளம்பியது. அந்தக் கூட்டத்தில் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று இத்தனை ஆண்டு கழித்துக் கேட்டேன்.

“நீ அப்போதான் யுனிவர்சிட்டி போகப் போற. உன்னை எதுக்கு இழுக்கணும்?” என்றார். பிறகு, “என்னைக் கேட்டாங்க, நான் பதில் சொன்னேன். உன்னைக் கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பேல்ல?”

சொல்லியிருப்பேனா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே செஞ்சா வந்துவிட்டது. இதைப் பற்றி எழுதலாமா என்று அவசரமாகக் கேட்டேன். “எழுது. ஸ்கூல் பேரு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.